நின்றால் பேச்சு, உட்கார்ந்தால் பழக்கம்

நம் காலத்து அம்மாக்களிடம் சொற்கள் குறைவு. இருக்கிற சொல்லை வைத்தே எல்லாவற்றையும் சமாளித்துவிடுவார்கள். 'பழகு' என்ற ஒரே சொல்லை என் அம்மா எத்தனை வேலைக்கு வைத்திருந்தார் என்று இப்போது நினைத்தால் சிரிப்பு வருகிறது. புது மண்சட்டி வாங்கினால் அதில் கஞ்சித் தண்ணீர் ஊற்றிப் பழக்க வேண்டும். பள்ளிக்கூடச் சப்பாத்து காலைக் கடித்தால், "நாலு நாள் போட்டா பழகிரும்." குளிரில் பல் தந்தியடித்தால், "பழகிரும்டி, பேசாம இரு." இத்தனையிலும் அது நல்ல சொல்தான். மனிதர்கள் விஷயத்தில் மட்டும் எச்சரிக்கைப் பலகை ஆகிவிடும். "அவங்களோட பழகாத." உங்கள் வீட்டிலும் கேட்டிருப்பீர்கள். கேட்டதே இல்லை என்று யாராவது சொன்னால் நான் நம்ப மாட்டேன்.

இந்த வயதில் நாமெல்லாம் ஒன்றுகூடினால் மாத்திரைப் பேச்சில் தொடங்கி மாத்திரைப் பேச்சில் முடிக்கிறோம். நடுவில் கொஞ்சம் இடம் கொடுத்தால், நான் நாலாம் வகுப்புப் படித்தபோது வந்த ஒரு மழைக்காலத்தைச் சொல்லிவிடுகிறேன். அந்த மழைக்காலத்துக்கு நான் நன்றி சொல்ல வேண்டியிருக்கிறது. சொல்ல வேண்டியவர்கள் போய்விட்டார்கள். உங்களிடமாவது சொல்லி வைக்கிறேன்.

அம்மா அட்டன் கடைவீதியில் பிறந்தவர். அம்மாவின் அண்ணனுக்கு, என் தாய்மாமாவுக்கு, அங்கே பெரிய பலசரக்குக் கடை. அப்பா அந்தக் கடையில் வேலைக்கு வந்தவர். நன்றாகப் படித்தவர், கையெழுத்து அழகு, குடி கிடையாது. "நோட்டன் பிரிட்ஜ் பக்கம். அப்பா மின்சார நிலையத்துல இருந்தாரு. அம்மாவும் அப்பாவும் தவறிட்டாங்க" என்று மட்டும் சொன்னாராம். நல்ல மாப்பிள்ளைக்கு அதற்கு மேல் பூர்வீகம் எதற்கு என்று பெண்ணைக் கொடுத்துவிட்டார்கள். சில வருஷங்கள் மைத்துனரின் கீழ் வேலை செய்தார். பிறகு ஒருநாள் ரோஷம் வந்து, றொசல்லைக்கு மேலே இருந்த ஒரு தேயிலைத் தோட்டத்து ஆபீசில் சின்னக் கிளாக்கர் வேலையை எடுத்துக்கொண்டார்.

நாங்கள் ரயிலில் வந்து றொசல்லையில் இறங்கியபோது மழை தொடங்கியிருந்தது. தோட்டத்து லொறி வந்து சாமான்களை ஏற்றியது. அம்மா முன்னால் உட்கார்ந்து சேலைத் தலைப்பால் மூக்கை மூடிக்கொண்டார். பக்டரியில் கொழுந்து வாட்டுகிற அந்தப் பச்சை வாசம் புதிதாக வருகிறவர்களுக்குக் குமட்டும். எனக்கு ஒரே நாளில் பழகிவிட்டது. அம்மாவுக்குப் பழகவில்லை. அப்போது அவர் வயிற்றில் பிள்ளை இருந்தது எனக்குத் தெரியாது.

கிளாக்கர் குவாட்டர்ஸ் மேட்டில் இருந்தது. பின்பக்கத்து வேலியைத் தாண்டினால் ஒற்றையடிப் பாதை, பாதி வழியில் ஒரு கொய்யா மரம், அதற்குக் கீழே நீளமாக ஒரு லயம், தொழிலாளர்களின் வரிசை வீடுகள். லயத்துக் கூரைகளின் மேல் காலையிலும் பின்னேரத்திலும் புகை படிந்து கிடக்கும். கூரைக்குக் கீழே இருமல், சிரிப்பு, சண்டை, ரேடியோ எல்லாம் ஒன்றாகக் கலந்து மேலே வரும். எங்கள் வீட்டில் கடிகாரம் ஓடுகிற சத்தம் கேட்கும்.

வந்த முதல் வாரமே அம்மா சட்டத்தைச் சொல்லிவிட்டார். "லயத்துப் புள்ளைங்களோட பேசலாம். பழகக் கூடாது."

எனக்கு வகுப்பில் பக்கத்தில் உட்காருகிற பிள்ளை லயத்தின் கடைசி அறை வீட்டை, கடைசிக் காம்பராவைச் சேர்ந்தவள். வாயைத் திறந்தால் மூட மாட்டாள். பொத்தானுக்குப் பதில் ஊசி குத்திய சட்டை போட்டிருப்பாள். வந்த அன்றே அவள் என் கூட்டாளியாகிவிட்டாள். ஆகவே சட்டத்தின் எல்லை எனக்குத் தெரிந்தாக வேண்டியிருந்தது.

"பேசறது எங்க முடியுது, பழகறது எங்க தொடங்குதும்மா?" என்று கேட்டேன்.

அம்மா போஞ்சிக்காய் நறுக்கிக்கொண்டிருந்தார். கொஞ்சம் யோசித்தார். "நின்னு பேசினா பேச்சு. உக்காந்துட்டா பழக்கம்" என்றார். அவருக்கும் அது அப்போதுதான் தோன்றியிருக்க வேண்டும். ஆனாலும் தீர்ப்பு மாதிரி சொன்னார்.

அன்றிலிருந்து நான் நின்றேன். பள்ளி விட்டு வரும்போது கொய்யா மரத்தடியில் நின்றேன். மழைக்குச் சாக்கைப் போர்த்திக்கொண்டு நின்றேன். அவர்கள் வீட்டு இஸ்தோப்புத் திண்ணை ஓரத்திலும் நின்றேன். என் கூட்டாளி முதலில் கேலி செய்தாள். "ஒனக்கு என்னா, மூட்டு மடங்காதா?" என்றாள். விஷயத்தைச் சொன்னதும், "அப்ப நானும் நிக்கிறேன்" என்று அவளும் நின்றாள். பாண்டி ஆடும்போது மட்டும் வசதியாக இருந்தது. கல் விளையாட உட்கார வேண்டும் என்பதால் குனிந்து நின்றபடியே விளையாடினோம். அவள் அம்மா வேலை முடிந்து வரும்போது இதைப் பார்த்துவிட்டு, "என்னாங்கடி, பெரட்டுல நிக்கிற மாதிரி நிக்கிறீங்க?" என்று சிரிப்பார். பெரட்டு என்பது வேலைக்கு ஆள் பிரிக்கிற இடம்; அங்கேதான் அவர்கள் தினமும் காலையில் அப்படி நிற்பார்கள்.

சாப்பிடுவது பற்றிச் சட்டத்தில் ஒன்றும் இல்லை. நானும் போய்க் கேட்டு வில்லங்கத்தை விலைக்கு வாங்கவில்லை.

அந்த வீட்டு ரொட்டியை எப்படிச் சொல்வது? நம்மில் லயத்தில் பிறந்தவர்களுக்குச் சொல்லத் தேவையில்லை. கோதுமை மாவில் தேங்காய்ப் பூவும் உப்பும் போட்டுப் பிசைந்து, கையாலேயே தட்டி, விறகடுப்பில் கல்லைப் போட்டுச் சுடுவது. கனமாக இருக்கும். ஓரம் கருகி, நடுவில் மெத்தென்று இருக்கும். வெங்காயமும் மிளகாயும் இடித்த கட்டச் சம்பலோடு தின்றால் காது சூடாகும். பிறகு தேத்தண்ணி. உள்ளங்கையில் சீனியை வைத்து, ஒரு நக்கு, ஒரு மிடறு. நான் நின்றுகொண்டே நக்கினேன்.

அம்மாவின் நாட்களை அப்போது நான் கவனித்ததாகச் சொல்ல முடியாது. இப்போதுதான் ஒவ்வொன்றாகத் தெரிகிறது. காலையில் அப்பா ஆபீசுக்குப் போய்விடுவார், நான் பள்ளிக்கூடம். அம்மா அடுப்படி ஜன்னலில் நிற்பார். எதிர் மலையில் பெண்கள் நிரையில் நின்று கொழுந்து எடுப்பது அங்கிருந்து தெரியும். யாருடைய முகமும் தெரியாது. தலையில் கட்டிய லேஞ்சியின் நிறம் மட்டும்தான் தெரியும். நான் வீட்டுக்கு வந்ததும் அம்மா செய்தி வாசிப்பார். "இன்னிக்கு மஞ்ச லேஞ்சி வரல. காய்ச்சலோ என்னவோ. பச்சை லேஞ்சி இருக்குல்ல, அது வழுக்கி விழுந்துருச்சு. எல்லாரும் சிரிச்சாங்க, அதுவும் சிரிச்சுச்சு." கடைவீதியில் நாள் முழுக்க ஆள் சத்தத்தில் வளர்ந்த பெண் அவர். அது ஒரு வேடிக்கை என்று நினைத்திருந்தேன். ஆள் பசி என்று ஒன்று உண்டென்று ஒன்பது வயதில் யாருக்குத் தெரியும்?

வீட்டுக்கு வர அனுமதி உள்ள ஒரே விருந்தாளி பெரிய கிளாக்கரின் மனைவி. பிஸ்கட் டின்னோடு வருவார். நாற்காலி நுனியில் உட்காருவார். "இங்க ஸ்டாப் வீட்டுப் பொம்பளைங்க கண்ட ஆளோட பழகினா ஐயாமாருக்குத்தான் மரியாதை போகும்" என்று சொல்லிவிட்டுப் போவார். அம்மா சிரித்த முகமாக வழியனுப்பிவிட்டு, கதவைச் சாத்தியதும் போய்ப் படுத்துக்கொள்வார்.

மழை வலுத்தபோது அம்மாவுக்கு மசக்கையும் வலுத்தது. எதைத் தின்றாலும் வாந்தி. சோறு வேகிற வாசம் பட்டாலே வாசலுக்கு ஓடுவார். தோட்டத்து டிஸ்பென்சர் கொடுத்த மருந்தும் நிற்கவில்லை. கை வளையல்கள் முழங்கை வரை ஏறி இறங்கின. மாமா ஒருநாள் காரில் வந்து பார்த்தார். அம்மாவின் முகத்தைப் பார்த்துவிட்டு அப்பாவிடம் பேசினார். நான் கதவுக்குப் பின்னால் நின்று கேட்டேன்.

"தங்கச்சிய நான் கூட்டிட்டுப் போறேன் மாப்ள. இந்தக் குளிர்ல வச்சிருந்தா தாயும் இல்ல, புள்ளையும் இல்ல. நீங்களும் வந்துருங்க. கடையில ஒங்க நாற்காலி அப்படியேதான் இருக்கு."

"நான் அந்த நாற்காலிக்கு வர மாட்டேன் மச்சான்."

"அப்ப அவளும் புள்ளையும் வருவாங்க. நீங்க இங்க ஒங்க மரியாதையைக் கட்டிக்கிட்டு இருங்க."

கடைசியில் ஒரு தவணை முடிவாயிற்று. மாதக் கடைசி ஞாயிற்றுக்கிழமைக்குள் அம்மா சாப்பிடத் தொடங்கினால் இங்கேயே இருப்பார். இல்லையென்றால் கார் வரும், நாங்கள் போவோம், அப்பா தனியாக இருப்பார். இரண்டு பேரும் வீம்பர்கள். போனால் திரும்பி வருவது நடக்காது என்று எனக்கே விளங்கியது.

அந்த வாரத்தில்தான் ஒருநாள் நான் தின்று மிச்சம் வைத்த ரொட்டித் துண்டு புத்தகப் பையில் இருந்தது. நான் உள்ளே வந்ததும், படுத்திருந்த அம்மா எழுந்தார்.

"பையில என்னடி?"

மூக்கால்தான் கண்டுபிடித்தார். எடுத்துக் கொடுத்தேன். காய்ந்த துண்டு, கொஞ்சம் சம்பல் ஒட்டியிருந்தது. அம்மா அதைப் பையின் பக்கத்தில் நின்றுகொண்டே தின்றார். நான் பேசினைத் தூக்கிக்கொண்டு தயாராக நின்றேன். வாந்தி வரவில்லை. விரலை நக்கிவிட்டு, "யாரு குடுத்தா?" என்று கேட்டார்.

"கூட்டாளியோட அம்மா. நின்னுக்கிட்டுத்தான் வாங்கினேன்."

அம்மா வேறு பக்கம் திரும்பிக்கொண்டார். சிரிப்பை மறைத்தாரா, கண்ணீரையா என்று எனக்கு இன்றைக்கும் தெரியாது. கொஞ்ச நேரம் கழித்து, "நாளைக்கும் மிச்சம் இருந்தா கொண்டுவா" என்றார்.

நான் போய்க் கேட்டபோது கூட்டாளியின் அம்மா இடுப்பில் கட்டிய ஈரப் படங்குச் சாக்கை அவிழ்த்துக்கொண்டிருந்தார். "மசக்கையா? அட, மொதல்லயே சொல்றதுக்கு என்னா? மிச்சத்த எதுக்குக் கொண்டுபோற, நான் சூடா அனுப்புறேன்" என்றார். மறுநாள் காலையில், அவர் பெரட்டுக்குப் போவதற்கு முன் சுட்ட ரொட்டியை என் கூட்டாளி கொய்யா மரத்தடிக்குக் கொண்டுவந்தாள். நீல விளிம்பு போட்ட எனாமல் தட்டு. ஒரு பக்கம் எனாமல் உதிர்ந்து கறுப்புத் தெரியும். மேலே வாழை இலைத் துண்டு மூடியிருந்தது. நான் அதை வாங்கிக்கொண்டு மேட்டில் ஏறி ஓடினேன்.

அம்மா சாப்பிட்டார். வயிற்றில் நின்றது.

அப்புறம் தட்டைக் கழுவி என்னிடம் நீட்டினார். நீட்டிய கையை உடனே இழுத்துக்கொண்டார். "வெறுந்தட்டா குடுக்கக் கூடாது" என்று சொல்லி, பெட்டியைத் திறந்து ஒரு கைப்பிடி கற்கண்டு போட்டார். உங்களுக்குத் தெரியாததல்ல. நம் சனங்களிடம் பலகாரம் வந்த பாத்திரம் வெறுமனே திரும்பாது. ஒன்றும் இல்லாத வீட்டில்கூட ஒரு சிட்டிகை உப்பு, ஒரு கொத்துக் கருவேப்பிலை போட்டுத்தான் கொடுப்பார்கள். வெறும் பாத்திரம் திரும்பினால் இனி எங்களுக்கும் உங்களுக்கும் ஒன்றுமில்லை என்று பொருள்.

அப்படித் தொடங்கியது. தட்டு மேலே வரும்போது ரொட்டி. கீழே போகும்போது ஒருநாள் கரட், ஒருநாள் ஏலக்காய், ஒருநாள் நூல் உருண்டை. அந்தப் பக்கத்திலிருந்து ரொட்டியோடு கீரைக் கட்டு வரும், காரமான ஊறுகாய் வரும். ஒருநாள் அம்மா தன் பழைய கம்பளிச் சட்டையை மடித்து வைத்தார். மறுநாள் எதிர் மலையில் அந்தச் சட்டையைப் பார்த்துவிட்டு, "அங்க பாரு, அவங்கதான்! சிவப்பு லேஞ்சி!" என்று ஜன்னலில் கையைத் தட்டினார். இரண்டு பேரும் ஒரு வார்த்தை பேசியதில்லை. "ஒங்கம்மா எங்களோட பழகல. ஆனா எங்க தட்டு ஒங்கம்மாவோட நல்லாப் பழகிருச்சு" என்று கூட்டாளியின் அம்மா என்னிடம் சொல்லிச் சிரித்தார். அம்மாவிடம் அதைச் சொன்னேன். அம்மாவும் சிரித்தார். அந்த வீட்டுக்கு வந்த பிறகு அவர் வாய்விட்டுச் சிரித்து அன்றுதான் கேட்டேன்.

வளையல்கள் மணிக்கட்டில் நிற்கத் தொடங்கின. கார் வராது என்று நான் நிம்மதியாக இருந்தேன்.

ஒரு பின்னேரம் அப்பா வழக்கத்துக்கு முன்னால் வீட்டுக்கு வந்தார். பெரிய கிளாக்கரின் மனைவி எதையோ பார்த்து, எதையோ சொல்லி, அது ஆபீஸ் வரை போயிருந்தது. அப்பா அடுப்படிக்குள் வந்து, கழுவிக் கவிழ்த்திருந்த தட்டைக் கையில் எடுத்தார். விளிம்பை விரலால் தடவிப் பார்த்தார்.

"இது யாரு வீட்டுத் தட்டு?"

அம்மா சொன்னார். அப்பா கோபப்படவில்லை, சத்தம் போடவில்லை. தட்டை வைத்துவிட்டுப் போனார். அவ்வளவுதான் என்று நினைத்தோம்.

மறுநாள் கொய்யா மரத்தடியில் என் கூட்டாளி தட்டில்லாமல் நின்றாள். என் பக்கத்தில் வரவில்லை.

"ஒங்கப்பா பெரட்டுல வச்சு எங்கம்மா கையில வெறுந்தட்டக் குடுத்துட்டாரு. எல்லாரும் பாத்தாங்க" என்றாள். "எங்கம்மா அழுதுச்சு. இனிமே ஒங்களோட பேசக்கூடக் கூடாதாம்."

நான் வீட்டுக்குப் போய் ஒன்றும் சொல்லவில்லை. சொல்லத் தெரியவில்லை. அம்மா ரொட்டிக்குக் காத்திருந்தார். மறுநாளும் காத்திருந்தார். சோற்றைப் பிசைந்து வாயில் வைத்தார், வாசலுக்கு ஓடினார். வெள்ளிக்கிழமை எழுந்து நிற்கவே முடியாமல் சுவரைப் பிடித்தார். ஞாயிற்றுக்கிழமை வர இன்னும் ஒரு நாள்தான் நடுவில் இருந்தது. அப்பா பரணிலிருந்து அம்மாவின் பெட்டியை இறக்கி, தூசி தட்டி, முன் அறையில் வைத்தார். அதைப் பார்த்ததும் எனக்கு அழுகை வந்துவிட்டது. எல்லாவற்றையும் அம்மாவிடம் சொன்னேன்.

"பெரட்டுலயா? எல்லார் முன்னாலயுமா?" என்று மட்டும் கேட்டார். பிறகு, "ஆம்பளைக்கு என்ன தெரியும்? தட்டுன்னா தட்டுன்னு நெனச்சிருப்பாரு" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார்.

சனிக்கிழமை அரை நாள் வேலை. பெண்கள் லயத்துக்குத் திரும்பிவிட்ட சத்தம் கேட்டதும் அம்மா எழுந்தார். கல்யாணச் சீரில் வந்த பித்தளைத் தட்டை எடுத்துப் புளி போட்டுத் தேய்த்தார். இரண்டு முறை நடுவில் உட்கார்ந்தார். தட்டு நிறையச் சீனி கொட்டி, மேலே வெற்றிலையும் பாக்கும் வைத்தார். "குடைய எடு" என்றார்.

அந்தப் பாதையில் அம்மா இறங்கியது அதுதான் முதல் தடவை. மண் வழுக்கியது. ஒரு கையில் தட்டு, ஒரு கையில் என் தோள். கொய்யா மரத்தைப் பிடித்துக்கொண்டு மூச்சு வாங்கினார். லயத்து வாசல்களில் ஒவ்வொருவராக வந்து நின்றார்கள். தகரத்தில் மழை விழுகிற சத்தம் மட்டும் கேட்டது. கடைசிக் காம்பரா வரைக்கும் அம்மா யாரையும் பார்க்காமல் நடந்தார்.

கூட்டாளியின் அம்மா வாசலில் நின்றார். முகம் இறுகியிருந்தது.

"ஒங்க தட்டு வெறுந்தட்டா வந்துருச்சாம்" என்றார் அம்மா. மூச்சிரைத்தது. "அது என் கையால வரல. இது என் கை. வாங்கிக்கங்க."

அவர் தட்டைப் பார்த்தார், அம்மாவின் வயிற்றைப் பார்த்தார், சேற்றில் நனைந்த பட்டுக்கரைச் சேலை ஓரத்தைப் பார்த்தார். இறுக்கம் எங்கே போனதென்று தெரியவில்லை.

"அடக் கடவுளே, வயித்துப் புள்ளக்காரி இந்த மழையில என்னாத்துக்கும்மா வந்தீங்க? சொல்லி அனுப்பினா நான் வர மாட்டேனா?" என்று தட்டோடு அம்மாவின் கையையும் சேர்த்துப் பிடித்தார். "உள்ள வாங்க. நாற்காலி இல்லையேம்மா..."

"அடுப்புக்கிட்ட எடம் இருந்தா போதும்."

சாக்கை நாலாக மடித்து அடுப்பின் பக்கத்தில் போட்டார்கள். அம்மா உட்கார்ந்தார். நான் வாசலில் பழக்க தோஷத்தில் நின்றுகொண்டிருந்தேன்.

"ஏன்டி அங்க மரம் மாதிரி நிக்கிற? வந்து உக்காரு" என்றார் அம்மா.

என் கூட்டாளி வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். நான் அவள் பக்கத்தில் உட்கார்ந்தேன். என் முழங்கால்கள் அன்று எனக்கு நன்றி சொல்லியிருக்கும்.

மாவு பிசைகிற சத்தம், கல்லில் ரொட்டி விழுகிற சத்தம், அந்த வாசம். அம்மா முதல் துண்டைப் பிட்டு வாயில் வைத்தபோது வாசலில் நின்ற பெண்கள் எல்லோரும் அவர் தொண்டையையே பார்த்தார்கள். விழுங்கினார். கொஞ்சம் பொறுத்தார். அடுத்த துண்டைப் பிட்டார். யாரோ, "நின்னுருச்சு" என்றார்கள். எல்லோரும் சிரித்தார்கள். அம்மா தலையை நிமிர்த்தி வாசலைப் பார்த்தார்.

"பச்சை லேஞ்சி யாரு? அன்னிக்கு விழுந்தீங்களே, இடுப்பு எப்படி இருக்கு?"

ஒரு பெண் வாயைப் பிளந்தார். "ஆத்தாடி, அதையும் பாத்தீங்களா?"

"மஞ்ச லேஞ்சிக்கு என்ன ஆச்சு? ஒரு வாரமா காணல."

"மக வீட்டுக்குப் போயிருக்காங்கம்மா, பேரப்புள்ள பொறந்திருக்கு." சொல்லிவிட்டு அந்தப் பெண் தயங்கினார். "நாங்க ஒங்கள ராங்கிக்காரின்னு நெனச்சோம்மா. ஜன்னல்ல நின்னு எங்கள மொறைக்கிறீங்கன்னு."

"மொறைக்கலைங்க" என்றார் அம்மா. "ஒங்களோட இருந்தேன்."

சொல்லிவிட்டு அழுதுவிட்டார். கையில் ரொட்டியோடு அழுதார். கூட்டாளியின் அம்மா முதுகைத் தடவிவிட்டார்.

அப்போதுதான் வாசலில் பெண்கள் விலகினார்கள். அப்பா நின்றார். யாரோ ஆபீசில் சொல்லியிருக்கிறார்கள். குடை இல்லாமல் ஓடி வந்ததில் சட்டை உடம்போடு ஒட்டியிருந்தது. அம்மா ரொட்டியை விடவில்லை.

லயத்துக் கதவின் நிலை எவ்வளவு தாழ்வு என்று உங்களுக்குத் தெரியும். புதிதாக வருகிறவர்கள் நெற்றியில் ஒரு இடி வாங்காமல் உள்ளே வர முடியாது. டிஸ்பென்சர் ஐயா வாங்கியிருக்கிறார், மாமாவும் எங்கேயோ வாங்கியிருக்கிறார். அப்பா உயரமானவர். அவர் அம்மாவையே பார்த்துக்கொண்டு வந்தார், நிலையைப் பார்க்கவில்லை. ஆனால் சரியான இடத்தில் தலை தானாகக் குனிந்து நிமிர்ந்தது. கூட்டாளியின் அம்மா அதைக் கவனித்தார். அவர் கண் சுருங்கியதை நான் பார்த்தேன்.

"வாங்கய்யா" என்றார் மெதுவாக.

அப்பா அடுப்படியில் நின்றார். அம்மாவின் மடியில் இருந்த பாதி ரொட்டியைப் பார்த்தார். கல்லைப் பார்த்தார். பிறகு முழங்கால் மடித்து, குந்தி உட்கார்ந்து, புகைந்துகொண்டிருந்த விறகை இழுத்துத் திருப்பி வைத்தார். தீ எழும்பியது.

"கருகின ஓரம் இருந்தா குடுங்கக்கா" என்றார். "எங்கம்மா எனக்கு அதத்தான் எடுத்து வைப்பாங்க."

கூட்டாளியின் அம்மா ரொட்டியின் ஓரத்தைப் பிட்டு அவர் கையில் வைத்தார்.

"எந்தத் தோட்டம்யா?"

"நோட்டன் பிரிட்ஜுக்கு மேல."

"லயமா?"

"லயந்தான்." அப்பா ரொட்டியைத் தின்னாமல் கையில் வைத்திருந்தார். "வெறுந்தட்ட தெரியாமக் குடுக்கலக்கா. தெரிஞ்சுதான் குடுத்தேன். மன்னிச்சிருங்க."

"பயமாய்யா?"

"ஆமாக்கா."

அவர் அதற்கு மேல் விளக்கவில்லை. அந்த அறையில் இருந்தவர்களுக்கு விளக்கம் தேவைப்படவும் இல்லை. எனக்குத்தான் தேவைப்பட்டது. பழகாதே என்ற சட்டம் கடைவீதிப் பெருமையில் அம்மா போட்டது என்று அதுவரை நினைத்திருந்தேன். பிற்காலத்தில் அம்மாவிடம் கேட்டபோது, "நான் எங்கடி சொன்னேன்? ஒங்கப்பா சொன்னதத்தான் சொன்னேன்" என்றார். லயத்தை விட்டு ஏறி வந்த மனிதர், ஒரு வாய் ரொட்டி தின்றால் திரும்ப இறங்கிவிடுவோம் என்று பயந்து வாழ்ந்திருக்கிறார். அத்தனை வருஷமும் எங்கள் சாப்பாட்டு மேசையில் பேக்கரிப் பாணும் ஜாமும் வைத்துக்கொண்டு அவர் என்ன பசியோடு உட்கார்ந்திருந்தாரோ.

அவர் ரொட்டியைத் தின்றார். பெண்களில் ஒருவர் அவர் உள்ளங்கையில் சீனி வைத்தார். தேத்தண்ணி வந்தது. ஒரு நக்கு, ஒரு மிடறு. எங்களை விட வேகமாகக் குடித்தார்.

வீட்டுக்கு மேட்டில் ஏறும்போது ஒரே குடை. அப்பாவும் அம்மாவும் குடைக்குள், நான் முன்னால் நனைந்துகொண்டு நடந்தேன். சண்டை வரும் என்று நான் காதைத் தீட்டிக்கொண்டு நடந்தேன்.

"கல்யாணத்துக்கு முன்னாலயே சொல்லியிருக்கலாமே" என்றார் அம்மா.

"சொல்லியிருந்தா ஒன்னக் குடுத்திருப்பாங்களா?"

"குடுத்திருக்க மாட்டாங்க" என்றார் அம்மா, உண்மையாக. இன்னும் கொஞ்சம் நடந்தார்கள். "ஒங்க அம்மா பேரு என்ன?"

கல்யாணப் பத்திரிகையில் தகப்பனார் பெயர் மட்டும்தான் போட்டிருந்ததாம். அம்மா பெயரைக் கேட்டபோதெல்லாம் அப்பா பேச்சை மாற்றிவிடுவாராம். அன்று சொன்னார். மழைச் சத்தத்தில் முதல் தடவை சரியாகக் கேட்கவில்லை. அம்மா திரும்பக் கேட்டார். அப்பா இன்னும் சத்தமாகச் சொன்னார்.

மறுநாள் மாமாவின் கார் வந்தது. அம்மா வாசலில் வந்து நின்று வரவேற்றார். உள்ளே கூட்டாளியின் அம்மா சுட்டுக் கொடுத்த ரொட்டி இருந்தது. மாமா முகத்தைச் சுளித்துக்கொண்டு ஒன்று எடுத்தார். பிறகு சுளிக்காமல் இன்னொன்று எடுத்தார். தனியாகத் திரும்பிப் போனார். பெட்டி பரணுக்கு ஏறியது. பெரிய கிளாக்கர் அப்பாவைக் கூப்பிட்டு ஏதோ சொன்னாராம். வானம் இடிந்து விழவில்லை. பிஸ்கட் டின் வருவது நின்றது. அதற்குப் பதில் எங்கள் அடுப்படியில் ஞாயிற்றுக்கிழமைகளில் இத்தனை பேர் எப்படிக் கொள்ளுவார்கள் என்று நான் ஆச்சரியப்படும்படி லேஞ்சிகள் நிறைந்தன.

மழை விட்டு வெயில் கண்ட ஒரு நாளில் எனக்குத் தங்கை பிறந்தாள். ஆஸ்பத்திரிக்கு அம்மாவோடு போய் நின்றது கூட்டாளியின் அம்மாதான். குழந்தையை முதலில் கையில் வாங்கியதும் அவர்தான். அவருக்கு நான் ஒரு நாளும் நன்றி சொன்னதில்லை. பழகின வீட்டில் யார் நன்றி சொன்னார்கள்?

பெயர் வைக்கிற அன்று அப்பா ஏதேதோ பெயர்களைச் சொன்னார். அம்மா எதையும் காதில் வாங்கவில்லை. அன்று மழையில் கேட்ட பெயரைத்தான் வைக்க வேண்டும் என்று சொல்லிவிட்டார். நம் வழக்கம் உங்களுக்குத் தெரியும், மாமியார் பெயரை மருமகள் வாயால் சொல்லக் கூடாது. அதனால் அம்மா கடைசி வரைக்கும் தங்கையைப் 'பாப்பா' என்றேதான் கூப்பிட்டார். அந்தப் பெயரை எங்கள் வீட்டில் கூப்பிட்டவர் அப்பா ஒருவர்தான். வேலை இருந்தாலும் கூப்பிடுவார், இல்லாவிட்டாலும் கூப்பிடுவார். அவள் ஓடி வந்து, "என்னப்பா?" என்று கேட்டால், "ஒண்ணுமில்லம்மா" என்பார். கொஞ்ச நேரம் கழித்து மறுபடியும் கூப்பிடுவார்.